ஒரு விரற்கடை அமுக்கம்

வீடு கட்டும் இடங்களில் மேசன்மார் மட்டம் பார்ப்பதற்கு நீர் நிரப்பிய தெளிவான பிளாஸ்ரிக் குழாய் ஒன்றை வைத்திருப்பார்கள். இரு முனைகளிலும் வளியின் அமுக்கம் சமமாக இருக்கும்வரை நீர் இரு பக்கமும் ஒரே மட்டத்தில் நிற்கும். ஒரு முனையில் வளி கொஞ்சம் கூடுதலாகத் தள்ளினால் அந்தப் பக்கம் நீர் இறங்கி மறுபக்கம் ஏறும். ஓமந்தையிலிருந்து மாங்குளம் நோக்கி ஏ9 வீதியில் மணிக்கு 70 கிலோமீற்றர் வேகத்தில் ஓடும் வாகனத்தின் முகப்பில் இந்தக் குழாயின் ஒரு முனையை எதிர்க்காற்றுக்கு நேராகப் பிடித்து, மறுமுனையைக் காற்றின் தள்ளல் படாத இடத்தில் வைத்ததாக எண்ணிக்கொள்வோம். இரண்டு நீர்மட்டங்களுக்கும் இடையே வரும் வித்தியாசம் 22 மில்லிமீற்றர், அதாவது ஒரு விரற்கடைக்குச் சற்றுக் கூட. இப்படியான வீதிகளில் நகர எல்லைக்கு வெளியே கார்களுக்குச் சட்டம் அனுமதிக்கும் உச்ச வேகத்தில், வாகனத்தின் சூட்டை அள்ளிக்கொண்டு போகக் காற்றிடம் இருக்கும் தள்ளுவிசை அவ்வளவுதான். அதே வாகனத்தின் டேர்போ எஞ்சினுக்குள் வளியைத் தள்ளும் அமுக்கத்தை இதே நீர்க்குழாயால் அளக்கப் போனால் குழாய் பத்து மீற்றர் உயரம் வேண்டும். உள்ளே போகும் வளிக்குப் பத்து மீற்றர், அதைக் குளிர்விக்க வரும் வளிக்கு ஒரு விரற்கடை. டேர்போ வாகனங்களின் சூட்டுப் பிரச்சினையில் பெரும்பகுதி இந்த ஏற்றத்தாழ்வில் அடங்கியிருக்கிறது. அந்த ஒரு விரற்கடையை வீணாக்காமல் காப்பதுதான், பெரிய உதிரிப்பாகம் எதையும் வாங்கிப் பூட்டுவதை விட, வன்னியின் வெயிலில் ஓடும் வாகனத்துக்கு முதலில் செய்யவேண்டிய வேலை என்பது இந்த அத்தியாயத்தின் வாதம்.

டேர்போவைச் சுவிற்சர்லாந்துப் பொறியியலாளர் அல்பிரட் பூக்கி 1905இல் காப்புரிமை செய்தார். வீணாகப் போகும் புகையின் வேகத்தால் ஒரு சுழலியைச் சுற்றி, அதே அச்சில் இருக்கும் இன்னொரு சுழலியால் வளியை அமுக்கி எஞ்சினுக்குள் அனுப்புவதே அதன் வேலை. சைக்கிள் பம்பின் அடிப்பகுதி காற்றடிக்கும்போது சுடுவதை எல்லோரும் தொட்டுப் பார்த்திருப்போம். வளியை அமுக்கினால் அது சூடாகும். சித்திரை வெயிலில் 35 பாகை செல்சியஸில் உள்ளே வரும் வளியை இரண்டு மடங்கு அமுக்கத்துக்குக் கொண்டுபோகும் டேர்போ, 70 வீத வினைத்திறனோடு வேலை செய்தால், அந்த வளியை ஏறத்தாழ 130 பாகைக்குச் சூடாக்கிவிடும். சூடான வளி ஐதானது. ஒரே கனவளவில் ஒட்சிசன் குறைவு. டேர்போவுக்கும் எஞ்சினுக்கும் நடுவில் நிற்கும் இன்டர்கூலர் இந்தச் சூட்டில் பத்தில் ஏழு பங்கை வெளிக்காற்றுக்குக் கொடுத்துவிட்டால் வளி 64 பாகைக்கு இறங்கும், அதன் அடர்த்தி ஐந்தில் ஒரு பங்கு கூடும். இனி இதே கணக்கை, எஞ்சின் அறையின் வெக்கை கலந்துவிட்ட ஒரு வாகனத்துக்குப் போட்டுப் பார்ப்போம். டேர்போ இழுக்கும் வளி 60 பாகை, இன்டர்கூலரின் மேல் வீசும் வளி 50 பாகை என்றால், எஞ்சினுக்குள் போகும் வளி 84 பாகைக்கு வந்துவிடுகிறது. டேர்போவும் இன்டர்கூலரும் எந்தப் பழுதும் இல்லாமல் இருந்தும் 20 பாகை கூடிப் போய்விட்டது. மாறியது சுற்றியிருக்கும் வளி மட்டுமே.

இந்த 20 பாகை டீசல் எஞ்சினுக்கும் பெற்றோல் எஞ்சினுக்கும் வெவ்வேறு விதமாகத் தீங்கு செய்கிறது. டீசலில் வளி குறையும்போது எண்ணெய் முழுதாக எரியாமல் கரும்புகை கூடும், புகையின் வெப்பநிலை ஏறும், அந்தச் சூடு மறுபடியும் டேர்போவிலேயே விழும். பெற்றோலில் ஆபத்து வேறு: தீச்சுவாலை பரவி வந்து எரிப்பதற்கு முன்பே கலவை தானாகப் பற்றி வெடிக்கும் தட்டல். இன்றைய எஞ்சின்களில் கணினி அதை உணர்ந்து பொறியைப் பின்தள்ளிவிடும்; சாரதிக்குத் தெரிவது 'இழுவை காணாது' என்பது மட்டும்தான். தட்டல் என்பது எமது மண்ணுக்குப் புதிய சங்கதி இல்லை. பொருளாதாரத் தடைக் காலத்தில் பெற்றோல் துளிகளால் உசுப்பி, மண்ணெண்ணெயில் ஓடிய ஒஸ்ரின் கார்களின் சத்தம் பலருக்கு இன்னும் காதில் இருக்கும். மண்ணெண்ணெய் பெற்றோலை விட மிக எளிதாகத் தானாகப் பற்றிக்கொள்ளும். அந்த எஞ்சின்கள் தாக்குப்பிடித்ததற்கு ஒரு காரணம், அவற்றின் அமுக்க விகிதம் 7க்கு 1 என்ற அளவை ஒட்டித் தாழ்வாக இருந்தது. இன்றைய டேர்போ பெற்றோல் எஞ்சின்களில் அந்த விகிதமே 10க்கு 1ஐ ஒட்டி நிற்கிறது, அதற்கு மேல் டேர்போவின் அமுக்கம் வேறு. அவற்றுக்கு அந்தப் பழைய பொறுமை கிடையாது.

அப்படியானால் குளிர்க்காற்றை எப்படிக் கூட்டுவது? முதலில் ஒரு தவறான எண்ணத்தை விலக்கவேண்டும். முன்பக்கம் ஓட்டை பெரிதாக இருந்தால் காற்று தாராளமாக உள்ளே போகும் என்று நினைக்கிறோம். காற்று ஓட்டையைப் பார்த்துப் போவதில்லை, அமுக்க வித்தியாசத்தைப் பார்த்துத்தான் போகும். குளத்தில் நீர் நிறைந்திருந்தாலும், வாய்க்காலின் கடைசியில் வயல் மேடாக இருந்தால் துருசைத் திறந்து என்ன பயன்? இன்டர்கூலருக்கு முன்னால் 22 மில்லிமீற்றர் நீருக்குச் சமமான அமுக்கம் இருக்கலாம். பின்னால் எஞ்சின் அறைக்குள்ளும் 15 மில்லிமீற்றர் தேங்கி நின்றால், அதன் ஊடாகக் காற்றைத் தள்ளுவதற்கு மிஞ்சுவது ஏழு மில்லிமீற்றர்தான். ஆகவே வெளியேறும் வழி, உள்ளே வரும் வழிக்குச் சமமான முக்கியத்துவம் உடையது. இன்னொன்று, இந்த அமுக்கம் வேகத்தின் வர்க்கத்துக்கு ஏற்ப மாறுவது. வேகம் பாதியானால் அமுக்கம் கால்வாசி. வைகாசி முதல் ஆவணி வரை தென்மேற்கிலிருந்து சோளகம் அடிக்கும் நாட்களில் அந்தக் காற்று பின்னாலிருந்து மணிக்கு 35 கிலோமீற்றரில் தள்ளினால், 70இல் ஓடும் வாகனத்தின் முகப்பில் படுவது 35 கிலோமீற்றர் காற்றுத்தான். நீர்மட்ட வித்தியாசம் ஐந்தரை மில்லிமீற்றராகச் சுருங்கிவிடும். போகும்போது சூடேறும் வான் அதே பாரத்தோடு திரும்பி வரும்போது சூடேறாமல் வருவதற்கு இது போதுமான விளக்கம்.

குழாயின் வடிவம் எவ்வளவு பெரிய வித்தியாசம் செய்யும் என்பதை விமானப் பொறியியல் முன்பே காட்டிவிட்டது. இங்கிலாந்தின் பார்ன்பரோ ஆய்வு நிலையத்தில் மெரடித் என்ற ஆய்வாளர் 1930களின் நடுப்பகுதியில் ரேடியேற்றர் குழாய்களை ஆராய்ந்தார். வளி சிறிய வாயால் நுழைந்து, மெல்ல மெல்ல விரியும் பாதையில் வேகம் குறைந்து, ரேடியேற்றரை மெதுவாகக் கடந்து, பிறகு ஒடுங்கும் பாதையால் வெளியேறினால் தடை வெகுவாகக் குறையும் என்பது அவருடைய முடிவு. 1940இல் முதன்முதலாகப் பறந்த மஸ்ராங் போர்விமானத்தின் வயிற்றுப்பகுதிக் குழாய் இந்த அறிவின் வழிவந்தது. வீதி வாகனத்தின் வேகத்தில் விமானத்துக்குக் கிடைத்த இலாபம் முழுவதும் கிடைக்காது. ஆனால் இரண்டு பாடங்கள் அப்படியே பொருந்தும்: வாய் சிறிதாக இருந்தாலும் போதும், ஆனால் வாயிலிருந்து இன்டர்கூலர் வரை பாதை ஒழுக்கில்லாமல் மூடியிருக்கவேண்டும்.

இந்த இடத்தில்தான் வன்னியின் வாகனங்களுக்கு வருகிறோம். 2020 மார்ச்சில் நிறுத்தப்பட்ட இறக்குமதி தனியார் வாகனங்களுக்கு 2025 பெப்ரவரியில்தான் மறுபடி திறந்தது. கே.டி.எச். வான், ஹைலக்ஸ், சுசுகி எவரி டேர்போ என்று எதை எடுத்தாலும், பழையதைப் பேணி ஓட்டுவதே வழமையாகிவிட்டது. பேணுவது எஞ்சினை, சில்லை, கிளச்சை. பம்பருக்கும் ரேடியேற்றருக்கும் இடையே இருந்த இறப்பர்ப் பட்டிகளையும், பக்கவாட்டில் காற்றை மடக்கி அனுப்பும் பிளாஸ்ரிக் தட்டுகளையும், கீழே மூடியிருந்த அண்டர் கவரையும் எவரும் உறுப்பாகக் கணக்கெடுப்பதில்லை. ஒருமுறை முன்பக்கம் தட்டுப்பட்டு பம்பர் மாறும்போது பட்டி போய்விடும். கிரவல் வீதிப் பள்ளத்தில் அடிபட்டு அண்டர் கவரின் ஒரு மூலை தொங்கும். அடுத்த ஒயில் மாற்றத்தில் அதைக் கழற்றி மூலையில் சாய்த்துவிடுவார்கள். இப்படிப் போனவை ஒவ்வொன்றும் அந்த ஒரு விரற்கடையில் ஒரு துளை. முன்னால் வந்த காற்று இன்டர்கூலரின் நெருக்கமான செதில்களுக்கு ஊடாக நுழைவதை விட, பக்கத்தில் இருக்கும் இடைவெளியால் நழுவிப் போவதையே தேர்ந்தெடுக்கும். வாகனம் கிளிநொச்சி நகருக்குள் ஊர்ந்து போகும்போது நிலைமை இன்னும் மோசம். விசிறி பின்னால் தள்ளிய கொதிகாற்று அதே இடைவெளிகளால் முன்னுக்கு வந்து, மறுபடி அதே விசிறியால் இழுக்கப்பட்டுச் சுற்றிக்கொண்டே இருக்கும்.

அண்டர் கவரைக் கழற்றினால் கீழால் சூடு இறங்கிப் போகுமே என்று கராஜ்களில் சொல்வார்கள். நின்றபடி ஓடும் எஞ்சினுக்கு அதில் ஓரளவு உண்மை இருக்கிறது. ஓடும் வாகனத்தில் நடப்பது நேரெதிர். பம்பருக்குக் கீழால் பாயும் காற்று, மூடி இல்லாத இடத்தால் மேலே எஞ்சின் அறைக்குள் ஏறுகிறது. இன்டர்கூலருக்குப் பின்னால் இருக்கவேண்டிய தாழ்ந்த அமுக்கம் நிரம்பிவிடுகிறது. மேலே வயலை மேடாக்கியதாகச் சொன்னது இதைத்தான். கவர் இருந்தால் கீழ்க்காற்று வழுக்கிப் பின்னுக்கு ஓடும், கவரின் பின்விளிம்பில் உறிஞ்சல் உண்டாகும், உள்ளிருக்கும் சூடு அந்த வழியால் இழுபட்டுப் போகும். அதோடு புழுதி, சேறு என்று கீழிருந்து எறிபடுபவை எதுவும் டேர்போக் குழாய்களில் அப்பாது.

அடைப்பைப் பற்றியும் சொல்லவேண்டும், ஏனெனில் எங்கள் பகுதியில் அது பருவத்தோடு வருகிறது. காலபோக அறுவடை நடக்கும் தை, மாசி மாதங்களில் வீதி ஓரமெல்லாம் நெல் காயும்; அறுவடை இயந்திரங்கள் கக்கும் வைக்கோல் தூசியும் பதரும் காற்றில் மிதக்கும். ஏ.சி. கொண்டென்சர், இன்டர்கூலர், ரேடியேற்றர் என்று அடுக்கடுக்காக நிற்கும் வாகனத்தில் பதர் முதல் அடுக்கின் செதில்களால் நழுவி இரண்டாம் அடுக்கின் முகத்தில் தங்கும். முன்னால் நின்று பார்ப்பவருக்கு எல்லாம் சுத்தமாகத் தெரியும். இருட்டிய பிறகு பின்பக்கம் ஒரு மின்குமிழைப் பிடித்து முன்னால் குனிந்து பாருங்கள். வெளிச்சம் ஊசிக் கண்களாகச் சீராகத் தெரியவேண்டும். தேங்காய்த் துருவலை ஒட்டியதுபோல் இருண்ட திட்டுகள் தெரிந்தால், அவ்வளவு பரப்பும் செத்த பரப்பு. கழுவும்போது காற்று வரும் திசைக்கு எதிராக, பின்னாலிருந்து முன்னுக்கு, மெல்லிய அமுக்கத்தில் நீரைப் பாய்ச்சவேண்டும். சேர்விஸ் நிலையத்துப் பீச்சுகுழாயை ஒரு சாண் தூரத்தில் பிடித்தால் அலுமினியச் செதில்கள் வாழையிலைபோல் மடங்கும். பதர் அடைத்ததை விட அது பெரிய அடைப்பு.

பெரிய இன்டர்கூலர் ஒன்றைப் பூட்டினால் இத்தனை பாடும் தேவையில்லையே என்பது அடுத்த மறுப்பு. பாதை சீராக இருக்கும் வாகனத்தில், எஞ்சினின் வலுவையும் கூட்டியிருந்தால், பெரிய இன்டர்கூலர் உண்மையிலேயே உதவும். பாதை சீரில்லாத வாகனத்தில் அது புதிய சிக்கல். தடித்த இன்டர்கூலரில் முன்பாதியைக் கடந்த காற்று ஏற்கெனவே சூடாகிவிட்டதால் பின்பாதிக்கு வேலை குறைவு, ஆனால் தடை முழுவதுக்கும் உண்டு. அதே ஒரு விரற்கடை இப்போது இன்னும் அடர்ந்த காட்டுக்குள் புகவேண்டும். பின்னால் நிற்கும் ரேடியேற்றருக்குப் போகும் காற்றும் குறைந்து, சூடாகியே போகும். இன்டர்கூலரைக் காப்பாற்றப் போய் எஞ்சினின் தண்ணீரைக் கொதிக்க வைப்பது எந்த விதத்திலும் இலாபம் இல்லை.

பொனற்றில் செய்யும் வேலைகளையும் இதே அளவுகோலால் பார்க்கலாம். கண்ணாடிப் பக்கம் இருக்கும் பொனற்றின் பின்விளிம்பை வாசர் வைத்து உயர்த்தினால் சூடு வெளியேறும் என்ற நம்பிக்கை பரவலாக உண்டு. காற்று பொனற்றின் மேலால் வழுக்கி வந்து கண்ணாடியில் மோதும் இடம் அது; அங்கே அமுக்கம் உயர்ந்தே இருக்கும். ஓடும்போது அந்த இடைவெளியால் காற்று உள்ளேதான் வரும், எஞ்சின் அறையில் தேங்கி இன்டர்கூலரின் ஓட்டத்தைக் குறைக்கும். வெளியேறும் துளை வேண்டுமானால் அது பொனற்றின் முன்பாதியில், காற்று வளைந்து மேலேறும் இடத்துக்குப் பின்னால் அமுக்கம் தாழ்ந்திருக்கும் பகுதியில் இருக்கவேண்டும். எங்கே தாழ்ந்திருக்கிறது என்று அறியக் குறுகிய நூல் துண்டுகளை ஒட்டிவிட்டு ஓட்டிப் பார்த்தால் காற்று படிந்து போகும் இடமும் சுழலும் இடமும் தெரியும்; உறுதியாகச் சொல்வதற்கு நீர்க்குழாய் வேண்டும். ஹைலக்ஸ் வீகோவைப் போல இன்டர்கூலர் எஞ்சினின் தலைமேல் படுத்திருக்கும் வாகனங்களில் பொனற்றில் உள்ள மூக்கு காற்றை உள்ளே வாங்குவதற்கானது. அந்த மூக்குக்கும் இன்டர்கூலருக்கும் இடையே இருக்கும் மென்பட்டி காய்ந்து உதிர்ந்துவிட்டால், மூக்கு வாங்கிய காற்றில் பெரும்பகுதி இன்டர்கூலரைத் தொடாமலே எஞ்சின் மேல் சிதறும். பட்டியை மாற்றும் செலவு, முழு வாகனத்திலும் மிகச் சிறிய செலவுகளில் ஒன்று.

காற்றோட்டத்தால் மட்டும் தீராத ஒரு சூடும் உண்டு. மீள்குடியேற்றத்தின் முதல் வருடங்களில் தகரக் கொட்டில்களில் இருந்தவர்களுக்கு இது விளங்கப்படுத்தத் தேவையில்லை. நாலு பக்கமும் திறந்து காற்று வீசினாலும் மத்தியானத்தில் உச்சந்தலை எரியும், ஏனெனில் தகரம் வளியைச் சூடாக்குவதோடு நிற்காமல் நேரடியாகவே சூட்டை வீசும். கீழே ஒரு கிடுகை இடைவெளி விட்டுக் கட்டியவுடன் அந்த எரிவு அடங்கும். டேர்போவின் புகைப்பக்கம் அந்தத் தகரம். கதிர்வீச்சு தனி வெப்பநிலையின் நான்காம் அடுக்கில் ஏறுவதால், 350 பாகையில் இருந்த இரும்பு 700 பாகைக்குப் போனால் வீசும் சூடு ஏறத்தாழ ஆறு மடங்காகும். தயாரித்தவர்கள் அதன்மேல் போட்டிருந்த மெல்லிய இரட்டைத் தகடுதான் கிடுகு. ஆணி தளர்ந்து கிறுகிறுவென்று சத்தம் போடுகிறது என்பதற்காக அதைக் கழற்றி எறிவது, கொட்டிலின் கிடுகைப் பிடுங்குவதற்குச் சமம். தகட்டுக்கும் டேர்போவுக்கும் இடையே ஒரு விரல் இடைவெளியும், தகட்டின் முகத்தில் பளபளப்பும் இருக்கவேண்டும். ஒயில் படிந்து கறுத்த தகடு சூட்டைத் திருப்பி அனுப்பாது, வாங்கிக்கொள்ளும். தீக்காப்புத் துணியைக் குழாயில் சுற்றுவதும் பயன் தரும், ஆனால் ஒயில் கசியும் எஞ்சினில் அதைச் சுற்றக் கூடாது. ஒயிலைக் குடித்த துணி 600 பாகை இரும்பின் மேல் இருப்பது விறகடுப்பில் மண்ணெண்ணெய்த் திரி வைப்பதுபோல. எஞ்சின் ஆசனத்துக்குக் கீழே இருக்கும் கே.டி.எச்., எவரி வகைகளில் இதற்கு இரட்டிப்புக் கவனம் தேவை.

முறிகண்டியில் வாகனத்தை நிறுத்திப் பிள்ளையாருக்குக் கற்பூரம் கொளுத்தி, கச்சான் வாங்கிக்கொண்டு ஏறுவது ஏ9 பயணத்தின் வழக்கம். பாரத்தோடு ஓடிவந்த எஞ்சினை நிறுத்திய அந்தக் கணத்தில் விசிறியும் நீர்ப்பம்பும் முன்காற்றும் ஒரே நேரத்தில் நின்றுவிடுகின்றன. இரும்பில் தேங்கிய சூடு மட்டும் நிற்காது. அடுத்த பத்து நிமிடங்களில் எஞ்சின் அறை, ஓடிக்கொண்டிருந்தபோது இருந்ததை விடக் கூடுதலாகச் சூடேறும். தலைமேல் படுத்த இன்டர்கூலர் அந்த நேரத்தில் அடுப்பின்மேல் வைத்த சட்டி. டேர்போ அச்சில் தங்கிய ஒயில் கருகிப் படியத் தொடங்குவதும் அப்போதுதான். கோயிலுக்குக் கிட்ட வரும்போதே வேகத்தைக் குறைத்து, நிறுத்திய பின்பு ஒரு நிமிடம் எஞ்சினைச் சும்மா ஓடவிட்டால் போதும். காசே செலவில்லாத பராமரிப்பு இது.

வன்னி தட்டையான நிலம், கண்டி மலைவீதிபோல் ஏற்றம் இல்லை, இவ்வளவு கவலை எதற்கு என்று கேட்கலாம். நிலம் தட்டைதான். ஆனால் ஏற்றத்துக்குப் பதிலாக எங்களுக்கு வெயில் இருக்கிறது, பின்காற்று இருக்கிறது, பரந்தனிலிருந்து முல்லைத்தீவு வரை ஆளும் மூட்டையும் நிறைந்த வான்கள் இருக்கின்றன. இந்த வெயிலுக்கு இன்டர்கூலர்மேல் நீர் தெளிக்கலாமே என்பதும் நியாயமான யோசனை. ஒரு லீற்றர் நீர் ஆவியாகும்போது 2,400 கிலோயூலுக்கு மேல் சூட்டை எடுத்துப்போகும்; சுபாரு, மிற்சுபிசி நிறுவனங்களின் பந்தயவழிக் கார்கள் சிலவற்றில் அந்த ஏற்பாடு தயாரிப்பிலேயே இருந்தது. எமது வரண்ட காற்றில் ஆவியாதலும் நன்றாக நடக்கும். ஆனால் கேத்தலின் அடியில் வெள்ளையாகப் படியும் கிணற்று நீரைத் தெளித்தால் அதே படிவு செதில்களுக்கு இடையிலும் ஏறும். மழைநீரோ வடிநீரோ இல்லாமல் அதைத் தொடங்கக் கூடாது.

இவை எதையும் சொல்கேட்டு நம்பவேண்டியதில்லை. மேசனின் குழாயில் தேவையான நீளம் வாங்கி, சாயம் கலந்த நீரை விட்டு, ஒரு முனையை இன்டர்கூலரின் முன்னாலும் மறுமுனையைப் பின்னாலும் கட்டி, நடு வளைவை ஆசனத்துக்குக் கொண்டுவந்து, பக்கத்தில் இருப்பவர் வாசிக்கட்டும். ஒரு மில்லிமீற்றர் நீர் ஏறத்தாழ 10 பஸ்கால். கவர் இல்லாமல் ஒருமுறை, கவரைப் பூட்டி ஒருமுறை, பட்டி ஒட்டி ஒருமுறை, ஒரே வீதியில் ஒரே வேகத்தில் ஓடி அளந்தால், எது வேலை செய்தது என்பதைத் தண்ணீரே சொல்லும். அதுவரைக்கும் ஒரே ஒரு வேண்டுகோள்: ஒயில் மாற்றிவிட்டு கராஜிலிருந்து புறப்படும்போது, கழற்றிச் சுவரில் சாய்த்து வைத்த அண்டர் கவரையும் அதன் ஆணிகளையும் திரும்பப் பூட்டிக்கொண்டு வாருங்கள்.